காதுலதான் பாப்பேன்

உக்காருங்க, உக்காருங்க. இந்தச் சேருக்கு ஆளில்லீங்க, பை என்னோடதுதான், எடுத்துக்கறேன். உங்களுக்கு யாருங்க உள்ள? மருமகனா? குடலிறக்கமா? அது ஒண்ணுமில்லீங்க, இப்பெல்லாம் சுளுவா முடிச்சிடறாங்க. ஒண்ணாம் நம்பர் தியேட்டருங்களா? எனக்கு ரெண்டாம் நம்பர். என்ற சம்சாரம், வசந்தாமணி. பித்தப்பையில கல்லு. ஒண்ணு ரெண்டு இல்லீங்க, ஸ்கேன்ல பாத்தா மாதுளம்பழத்த உடைச்ச மாதிரி இருக்குதுன்னாங்க. அது வீங்கிச் சீழ் வெச்சு, காய்ச்சல் வந்து, முந்தாநேத்து பாத்ரூமுல விழுந்துட்டா. அவளுக்கு இளைப்பு, ஆஸ்துமா வேற இருக்குதுங்களா, மயக்க டாக்டரு காலைல என்னையத் தனியாக் கூப்பிட்டு, "முழு மயக்கம் குடுக்கணும், நெஞ்சு எப்பிடித் தாங்கும்னு சொல்ல முடியாது, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க"ன்னாரு. போட்டேன். எட்டரைக்கு ஆபரேஷன் ஆரம்பிச்சாங்க. இப்ப ஒம்பதே கால்.

பயமா இருக்குதான்னு கேக்கறீங்களா? இல்லீங்க. நெசமாவே ஒண்ணும் தோணலீங்க. பல்லுப் புடுங்கறதுக்கு ஊசி போட்டா கன்னம் எப்பிடி இருக்கும்? அந்த மாதிரி இருக்குது. நம்மளுதுதான், தொட்டாத் தெரியல. காலைல இருந்தே இப்பிடித்தான்.

சித்தெ இருங்க.

கேட்டுதுங்களா? நர்ஸம்மா கதவைத் தொறந்துட்டுப் போனாங்கல்ல, அப்ப உள்ளார இருந்து டிங், டிங்னு ஒரு சத்தம். உங்களுக்குக் கேக்கலியா? தொண்ணூத்தெட்டுங்க. என்ற வீட்டுக்காரிக்கு இப்ப ரத்தத்துல ஆக்சிஜன் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு இருக்குது. ரெண்டு கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டே எனக்குச் சொல்ல வரும். அதுதானுங்க என்ற பொழப்பு.

டாக்டரெல்லாம் இல்லீங்க. கோயமுத்தூர்லயே ஒரு கம்பெனி. ஆபரேஷன் பண்றப்போ நோயாளி தலைமாட்டுல ஒரு மானிட்டர் வெச்சிருப்பாங்க பாருங்க, துடிப்பு, மூச்சு, பிரஷர்னு கோடு கோடா ஓடும். அது நாங்க பண்றோம். அதுல எந்த நம்பர் எங்க வரணும், என்ன கலரு, எப்பக் கத்தணும், எப்பிடிக் கத்தணும்னு வரையறது நானு. இருபத்திரண்டு வருசம் ஆச்சு. இந்த ஆஸ்பத்திரியில நாலு தியேட்டர்லயும் இருக்கறது நான் வரைஞ்சதுதான்.

உங்களுக்குச் சொன்னாப் புரியும், சுளுவான விஷயந்தான். மயக்கம் குடுத்துட்டா ஆளு தானா மூச்சு விடமாட்டாங்க, குழாய் போட்டு மிஷின்தான் விடும். விரல்ல துணி காயப்போடற கிளிப்பு மாதிரி ஒண்ணை மாட்டி விட்டுருவாங்க. அதுல இருந்து ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு டிங். ஆக்சிஜன் நல்லா இருந்தா நல்ல மேல்சுதி. குறையக் குறைய சுதி இறங்கும். டிங் டிங்னு போறது டுங் டுங்னு ஆகும். அது பழைய சத்தம். உலகம் பூரா அப்பிடித்தான்.

அதை நான்தானுங்க மாத்தினேன். மூணு வருசத்துக்கு முன்னால, ஒரு வெயில் காலத்துல. தப்பான காரணத்துக்கு இல்லீங்க. கேளுங்க.

வேறொரு ஆஸ்பத்திரி, பேரு எதுக்கு, விடுங்க. அங்க நாப்பது மானிட்டர் வாங்கறதா இருந்தாங்க. ஆனா அங்கத்த பெரிய டாக்டரு எங்க முதலாளிகிட்ட, "யோவ், உன் மிஷின் தியேட்டருக்குள்ள காக்காக் கூட்டமாட்டக் கத்துதுய்யா, கை நடுங்குது"ன்னுட்டாரு. முதலாளி என்னையப் பாத்தாரு. நான் போயி பச்சை டிரெஸ் போட்டுக்கிட்டு நாலு நாள் தியேட்டருக்குள்ளயே நின்னேன். சும்மா நிக்கலீங்க, நோட்டும் கையுமா நின்னேன். ஒரே நாள்ல முன்னூத்திப் பதினோரு தடவை அலாரம். அதுல ஆள் கவனிக்க வேண்டியது ஒம்பது. மிச்சமெல்லாம் கை அசைஞ்சதுக்கும் கிளிப்பு நழுவினதுக்கும். யாருமே திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. கத்திக்கிட்டே இருந்தா யாருங்க கேப்பாங்க? நான் சொல்றது சரிதானுங்களே?

அங்க ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு, மயக்க டெக்னீசியன். மருந்து எடுத்துக் குடுக்கறது, குழாய் மாட்டறது, மிஷினப் பாத்துக்கறது எல்லாம் அதோட வேலை. மயக்க டாக்டருக்கு ரெண்டு தியேட்டர், அவரு அங்கயும் இங்கயும் ஓடுவாரு. இந்தப் பொண்ணு எப்பப் பாத்தாலும் மானிட்டருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, பொறவால இருக்கற டிராலியில ஊசி மருந்து எடுத்துக்கிட்டு இருக்கும். நான் மூணாம் நாள் கேட்டேன். "ஏன் அம்மிணி, ஸ்கிரீனைப் பாக்கவே மாட்டேங்கற?" அது சிரிச்சுது. "ஸ்கிரீனைப் பாக்க எங்கீங்க சார் நேரம்? நான் காதுலதான் பாப்பேன்"னு சொல்லுச்சு.

நான் அதை அப்பிடியே நோட்டுல எழுதிக்கிட்டேன். எனக்கு எதையும் எழுதிக்கற பழக்கம். "டெக்னீசியன் ஸ்கிரீனைப் பாக்கறதில்லை. எழுத்தைப் பெருசாக்கணும்." நோட்டு இன்னும் இருக்குது, என்ற கையெழுத்துதான்.

பெருசாக்கினேங்க. நம்பர் ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். ஆக்சிஜன் தொண்ணூத்திநாலுக்குக் கீழ போனா ஸ்கிரீன் பூரா மஞ்சள், தொண்ணூறுக்குக் கீழ போனா பூரா செகப்பு. சத்தத்தை நெம்ப மெதுவா, வீணைக் கம்பிய ஒரு தட்டுத் தட்டின மாதிரி வெச்சேன். ஏறாது, இறங்காது, ஒரே சுதி. சும்மா சும்மா கத்தக் கூடாதுன்னு, நம்பர் குறைஞ்சா இருபது செகண்டு பொறுத்துப் பாத்துட்டு அப்புறமேட்டுத்தான் அலாரம், அதுவும் மெதுவாத்தான். முன்னூத்திப் பதினொண்ணு இருந்தது நாப்பதா ஆச்சுங்க. பெரிய டாக்டரு என் தோள்ல கை போட்டு, "இப்பத்தான்யா இது தியேட்டர் மாதிரி இருக்குது"ன்னாரு. அதுக்கப்புறம் எங்க மிஷின் எல்லாத்துலயும் இதே சத்தந்தான். கம்பெனியில எனக்கு ஒரு கடிகாரம் குடுத்தாங்க. வீட்டுல டிவிக்கு மேல மாட்டியிருக்கேன்.

அந்தப் பொண்ணு மட்டும் ஒரு தடவை வந்து நின்னுது. "சார், சுதி இறங்க மாட்டேங்குதுங்களே"ன்னுச்சு. "அதுக்குத்தான் அம்மிணி இவ்வளவு பெருசாக் கலரு போட்டிருக்குது, பாத்துப் பழகிக்க"ன்னேன். சரிங்க சார்னு போயிருச்சு.

வசந்தாமணியும் அப்பிடித்தானுங்க, ஒரு தடவை சொல்லுவா, சரின்னு போயிருவா. அவளுக்குக் கொரலே வராது. கண்ணாலமாகி இருபத்தாறு வருசத்துல ஒரு நாள் சத்தம் போட்டதில்ல. சாப்பிட்டு முடிச்சு நான் பேப்பரை எடுத்தா, "ஏனுங்க, இந்தப் பக்கம் என்னமோ பண்ணுதுங்க"ம்பா. வாயு இருக்கும்பேன். ரோஸ் கலர்ல மருந்து வருதுல்ல, அது வாங்கியாந்து வெச்சேன். ஒரு பாட்டில் தீந்தா அடுத்த பாட்டில் வாங்கியாருவேன், அதுல ஒரு குறை வெக்கலீங்க. முந்தாநேத்து இங்க கொண்டாந்ததும் டாக்டரு எத்தனை நாளா வலின்னாரு. நான் ரெண்டு நாளாங்கன்னேன். அவ படுத்தவாக்குல எட்டு மாசங்கறா! டாக்டரு என்னையப் பாக்கறாரு. அவ சத்தமாச் சொல்லியிருந்தா எனக்குத் தெரியாமயா போயிருக்கும்?

எங்க விட்டேன்... ஆங். அந்த மிஷினுங்களை அங்க போட்டு ஆறு மாசம் இருக்கும். அதே ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு கால் ஆபரேஷனுக்கு வந்துது. வண்டியில போயி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சுருச்சு. இருபத்திமூணு வயசு. எலும்புல துளை போடறாங்க, அந்த டிரில்லு சத்தம் நம்ம காண்ட்ராக்டரு செவுத்துல துளை போடற மாதிரியே இருக்கும். மயக்க டாக்டரு பக்கத்துத் தியேட்டருக்குப் போயிருக்காரு. ஜெசிந்தா பொறவாலத் திரும்பி ரத்தப் பாட்டில் மாத்தறதுக்கு எடுத்துக்கிட்டு இருந்துருக்குது. மூச்சுக் குழாய் நழுவிருச்சு.

மிஷின் மேல தப்பில்லீங்க. மிஷினுக்குள்ள எல்லாம் செகண்டு செகண்டாப் பதிவாகும், நானே போயி எடுத்துப் பாத்தேன். ஸ்கிரீன் மஞ்சளாச்சு, செகப்பாச்சு, சரியா இருபதாவது செகண்டுல அலாரம் அடிச்சிருக்குது. ரெண்டரை நிமிஷம் அடிச்சிருக்குது. பேப்பர் இருக்குது. ரெண்டரை நிமிஷம் அடிச்சும் கவனிக்கலீன்னா மிஷின் என்னங்க பண்ணும்? நான் அதைத்தான் ரிப்போர்ட்டுல எழுதினேன். "அலாரம் விதிப்படி இயங்கியது. டெக்னீசியன் கவனிக்கவில்லை." ரெண்டே வரி. அதை வெச்சுத்தான் ஜெசிந்தாவை வேலைய விட்டு எடுத்தாங்கன்னு அப்புறமேட்டுச் சொன்னாங்க. நான் எடுக்கச் சொல்லலீங்க. ரெண்டு வரி எழுதினேன், அவ்வளவுதான்.

கால் ஆபரேஷனுக்கு வந்த பொண்ணா? உசுரோட இருக்குதுங்க. அம்மாக்காரி பேரு சொல்லிக் கூப்பிட்டா சில நாள் திரும்பிப் பாக்குதாம்.

இருங்க. கதவு.

தொண்ணூத்தி ரெண்டுங்க.

இல்லீங்க, எனக்குத் தப்பாது. இப்ப வந்த சத்தம் தொண்ணூத்தி ரெண்டு. சுதி இறங்கிருச்சு. அவளுக்கு இளைப்பு வந்துருக்கும். கதவை மூடிட்டாங்க. இப்ப ஒண்ணும் கேக்கல. நான் என்னங்க பண்றது, உள்ள விடமாட்டாங்க. என்ற கையத் தொட்டுப் பாருங்க, ஐஸாட்ட இருக்குதுல்ல? எனக்குத் தெரியல, அதான் கேட்டேன். பேசறேனுங்க, பேசிக்கிட்டு இருந்தாத் தேவலை. நீங்க கேளுங்க.

காலைல எட்டு மணிக்கு இவளை உள்ள கூட்டிப் போக பச்சை டிரெஸ்ல ஒரு பொண்ணு வந்துது. வந்து இவ கையில கட்டியிருந்த சீட்டைப் படிச்சுது, "வசந்தாமணி அம்மாங்களா?"ன்னுச்சு, அப்புறம் என்னையப் பாத்துது. ஜெசிந்தா. இங்க வேலைக்குச் சேந்துருக்குது, எனக்குத் தெரியாது. "சார், சௌக்கியங்களா?"ன்னு கேட்டுது. நல்லாருக்கேன்னு சொன்னேன். வசந்தாமணி படுத்துக்கிட்டே, "உங்களுக்குத் தெரிஞ்ச புள்ளைங்களா?"ங்கறா. மிஷின் விஷயமாப் பாத்திருக்கேன்னேன். உடனே அது கையப் புடிச்சுக்கிட்டா. "அம்மிணி, எனக்கு நெம்பப் பயமா இருக்குது, பக்கத்துலயே இரு"ன்னா. என்கிட்ட பயமா இருக்குதுன்னு சொல்லவே இல்லீங்க அவ.

எனக்கு அப்ப ஒண்ணே ஒண்ணுதான் ஓடுச்சு. உள்ள இருக்கறது என்ற மிஷின். பக்கத்துல நிக்கறது இந்தப் பொண்ணு. இது பழசை மனசுல வெச்சுக்கிட்டு ஏதாச்சும் பண்ணிப்போடும்னு நான் நெனைக்கலீங்க, சத்தியமா. மருந்து எடுக்கத் திரும்பும்ல, திரும்பித்தானே ஆவணும். அதுதான்.

ஒரு விஷயம் சொல்றேன், நீங்க யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். பழைய சத்தத்தை நான் அழிக்கலீங்க. மிஷினுக்குள்ளயே மூடி வெச்சிருக்கேன். சர்வீஸ்காரங்க போற மெனுவுல ஒரு நம்பர் போட்டா அது திரும்ப வந்துரும். அந்த நம்பர் கம்பெனியில என்னையும் சேத்து மூணு பேருக்குத்தான் தெரியும். கால் ஆபரேஷன் விஷயத்துக்கு அப்புறம் நாலஞ்சு ஆஸ்பத்திரியில இருந்து டெக்னீசியனுங்க கடுதாசி எழுதினாங்க, பழைய சத்தத்தையே குடுங்கன்னு. முதலாளி, "இப்ப மாத்தினா தப்பு நம்மளுதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்"ன்னாரு. நானும் கம்முனு இருந்துட்டேன். அவரு சொல்றதும் நாயந்தானுங்களே?

காலைல மருந்துச் சீட்டுக்குப் பின்னால அந்த நம்பரை எழுதி ஜெசிந்தா கையில குடுத்தேன். "இதைப் போட்டா சுதி இறங்கும் அம்மிணி"ன்னேன். அது சீட்டைப் பாத்துது, என்னையப் பாத்துது. "இது முன்னாலயே உள்ளதான் இருந்துச்சுங்களா சார்?"ன்னு கேட்டுது. ஆமான்னேன். "அன்னிக்கும்?"ன்னுச்சு. நான், "ஆபரேஷன் முடிஞ்சதும் மறுக்கா மாத்தி வெச்சுரு, கம்பெனிக்குத் தெரிஞ்சா எனக்குச் சங்கடம்"னு சொன்னேன். சீட்டை மடிச்சு பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிருச்சு.

என்னங்க கேட்டீங்க? ஒண்ணாம் நம்பர்லயா? ஆமாங்க, அங்கயும் எங்க மிஷின்தான். முதல்லயே சொன்னேனே, நாலு தியேட்டர்லயும்னு.

இல்லீங்க. உங்க மருமகனுக்கு நம்பர் குடுக்கலீங்க. ஜெசிந்தா ரெண்டாம் நம்பர்ல மட்டுந்தானே நிக்குது. அது... எனக்குத் தோணவே இல்லீங்க. நெசமாச் சொல்றேன், தோணல. ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க, நீங்க போயித் தட்டினாலும் தொறக்க மாட்டாங்க. அதுல ஸ்கிரீன் பெருசா இருக்குதுங்க, கலரு மாறும், பாத்தா நல்லாத் தெரியும். என்னை அப்பிடிப் பாக்காதீங்க.

இருங்க, கதவு தொறக்குது. ஜெசிந்தாதான், என்னையக் கூப்பிடுது. இதோ வந்துட்டேன்.

கேட்டுட்டு வந்துட்டேன், முடிஞ்சுதுங்க. நல்லா முடிஞ்சுது. கண்ணு முழிக்கறாளாம், சித்தெ நேரத்துல வெளிய கொண்டு வருவாங்களாம். நடுவுல இளைப்பு வந்து நெஞ்சு இறுகிருச்சாம். "மருந்து எடுத்துக்கிட்டு இருந்தேன் சார், ரெண்டு டிங் கீழ இறங்கறப்பவே தெரிஞ்சுருச்சு, டாக்டரைக் கூப்பிட்டேன், ஊசி போட்டாங்க, ஏறிருச்சு"ன்னு சொல்லுது. மஞ்சள்தான் வந்துதாம், செகப்பு ஆகவே இல்லியாம். நான் கேட்டேன், அலாரம் அடிச்சுதா அம்மிணின்னு. அடிக்கவே இல்லைங்க சார்னுச்சு. பாத்தீங்களா? ஒரு தடவை கூட அடிக்கல.

அட, நீங்க முதல்ல உக்காருங்க. உங்க மருமகனுக்கும் ஒண்ணுமில்ல. ஜெசிந்தா என்ன பண்ணியிருக்குது தெரியுங்களா? நான் நம்பர் குடுத்ததும் எட்டரைக்குள்ள நாலு தியேட்டருக்கும் ஓடி நாலு மிஷின்லயும் போட்டு விட்டுருச்சாம். மாத்தி வெச்சியா அம்மிணின்னு கேட்டேன். "மாத்த மாட்டேன் சார், கம்பெனியில கேட்டா ஜெசிந்தாதான் பண்ணினான்னு சொல்லிருங்க, ஒரு தடவை எடுத்தாங்க, மறுக்கா எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க"ன்னுச்சு. கோவமாக்கூடச் சொல்லலீங்க. கையத் தொடைச்சுக்கிட்டே சொல்லுது.

எனக்கு அதுகிட்ட ஏதோ சொல்லணும்னு இருந்துது. அந்த நோட்டைப் பத்தி, அந்த ரெண்டு வரியப் பத்தி. வாய் வரைக்கும் வந்துதுங்க. "சரி அம்மிணி, பாத்துப் பண்ணு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதென்னமோ எனக்கு அப்பிடித்தான் வருது. சந்தோசமா இருக்கணுமில்லீங்களா இப்ப? அவ பொழைச்சு வரா. இருக்கும், உள்ள எங்கியோ இருக்கும். பல்லுக்குப் போட்ட ஊசி மாதிரி, வேகம் இறங்கினாத் தெரியும்.

நாளைக்கு முதலாளிகிட்ட என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கறேன். மிஷினுக்குள்ள பதிவாயிருக்கும், எந்த நம்பர் போட்டு எத்தனை மணிக்கு மாத்தினாங்கன்னு. ஜெசிந்தா பேரைச் சொன்னா அதுக்கு வேலை போகும். என்ற பேரைச் சொன்னா எனக்கு. வயசு அம்பத்திமூணு ஆச்சு, இனி எங்க போயி என்ன வேலை தேடறது? அது சின்னப் பொண்ணு, எங்க போனாலும் பொழைச்சுக்கும். அதுவே சொல்லிக்கச் சொல்லுது வேற. நீங்க என்ன சொல்றீங்க? ரிப்போர்ட்டுன்னா ரெண்டு வரிதான் எழுதணும்...

என்னங்க? பின்னாலயா? ஆமாங்க, நம்ம வசந்தாமணிதான். எப்பக் கொண்டாந்து நிறுத்தினாங்க? மூஞ்சி வெளுத்துக் கெடக்குது பாருங்க. ஜெசிந்தா கையப் புடிச்சிருக்கா.

யாரு, இவளா? என்னையவா கூப்பிட்டா? மூணு தடவை கூப்பிட்டாளா?

எனக்குக் கேக்கவே இல்லீங்களே.